டேப்பு மைனியின் சாதனம்

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களை ஏற்றிக்கொண்டு வளைகுடாவுக்குப் போகிற விமானங்களில் ஒன்றுகூட நடுவானில் கழன்று விழுந்ததில்லை. அதற்கு டேப்பு மைனிதான் காரணம் என்று எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்வேன். அந்த விமானங்களின் வயிற்றில் மைனி ஒட்டிய பொட்டலம் ஒன்றாவது இருக்கும். அதை மீறி ஒரு திருகாணி கழன்றுவிட முடியாது.

மைனிக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு. அது போதகருக்கே மறந்துபோயிற்று. அண்ணன் மனைவியை எங்கள் ஊரில் மைனி என்போம். இரணியலில் நான் வாடகைக்கு இருந்த தெருவில் பால்காரர் முதல் போதகர் வரை எல்லாருக்கும் அவர் மைனிதான். அண்ணன் என்று கூப்பிடத்தான் ஆள் இல்லை. மைனியின் கணவர் கல்யாணம் ஆன நாளிலிருந்து மஸ்கட்டில் இருந்தார். டேப்புக்குப் பயந்து அங்கேயே தங்கிவிட்டார் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள், அங்கிருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்புகிறவர்கள் எல்லாரும் மைனியிடம்தான் வருவார்கள். மீன் அச்சாறு என்கிற ஊறுகாய், நேந்திரங்காய் வறுவலான உப்பேரி, கருப்பட்டி, கருவாடு என்று எதைக் கொடுத்தாலும் மைனி அதைப் பாலித்தீனில் சுருட்டி, செய்தித்தாளில் பொதிந்து, மேலே பழுப்பு டேப்பைச் சுற்றத் தொடங்குவார். எப்போது நிறுத்துவார் என்பது கர்த்தருக்கே வெளிச்சம். டேப்பைப் பல்லால்தான் அறுப்பார். கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தால், பல்லில்லாதவனுக்குக் கொடு என்பார். அவர் ஒட்டிய கருவாட்டுப் பொட்டலத்தின் மேல் பூனை படுத்துத் தூங்கியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஒருமுறை ஆலயத்தில் மைக் ஸ்டாண்டு ஆடுகிறது என்று மைனியிடம் சொல்லிவிட்டார்கள். ஆட்டம் நின்றது. ஆனால் அதற்குப் பிறகு ஸ்டாண்டை யாராலும் உயர்த்தவோ தாழ்த்தவோ முடியவில்லை. அடுத்து வந்த போதகர் நல்ல உயரம். மாறுதலாகிப் போகும் வரை குனிந்தபடியே பிரசங்கம் செய்தார். மிகவும் தாழ்மையுள்ள போதகர் என்று மூன்று சபைகளில் பெயர் வாங்கினார்.

மைனிக்கு இன்னொரு விசேஷம். அவருடைய பேச்சில் பெயர்ச்சொல் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சாதனம். எங்கள் மேற்குப் பக்கத்துப் பேச்சில் மலையாளக் காற்று வீசும். சாதனம் என்றால் பொருள், சாமான், எதுவும். மைனி அதை எல்லை இல்லாமல் கையாண்டார். "அந்த சாதனத்தை எடுத்து இந்த சாதனத்துக்க மேல வையி மக்கா, அடியில ஒரு சாதனம் கெடக்கும், அதை இங்கோட்டு தா" என்பார். கேட்டவன் ஒருபோதும் தவறாக எடுத்துக் கொடுத்ததில்லை. எங்களுக்கு அது விளங்கும். விளங்காதவர் ஒருவர் ஊருக்குப் புதிதாக வந்து சேர்ந்தார். வடக்கே வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த இன்ஸ்பெக்டர் அவர்.

அந்தச் சமயத்தில் எங்கள் தெருவின் ஷைனிக்குக் கத்தார் நாட்டுத் தோகாவில் பிரசவம் ஆயிற்று. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளை வேது குளிப்பாட்டுவது வழக்கம். நொச்சியிலையும் வேறு சில இலைகளும் போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீரில் குளித்தால் உடம்பு வலி ஓடிவிடும். தோகாவில் நொச்சிக்கு எங்கே போவது? ஷைனி போனில் அழுதாள். மைனி ஒரு வேலி நொச்சியையே ஒடித்து, நிழலில் உலர்த்தி, இறுக்கி அமுக்கி, டேப்பு சுற்றினார். அதை விமான நிலையத்துக்குக் கொண்டுபோகிற பொறுப்பு டாக்சி ஓட்டும் காட்வினுக்கு.

நொச்சியிலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விரித்த கைவிரல் மாதிரி இருக்கும். கஞ்சா இலையும் அப்படித்தானாம். உலர்ந்து நொறுங்கிவிட்டால் பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாது. போகிற வழியில் வாகனச் சோதனை. வண்டியில் பழுப்பு டேப்பு சுற்றிய பொட்டலம். அதைப் பிரிப்பதற்குள் பிளேடுகள் ஒடிந்தன, ஒரு போலீஸ்காரருக்கு விரலில் கட்டு விழுந்தது. உள்ளே பச்சையும் பழுப்புமாய் இலைத்தூள். கையில் வைத்திருந்த சோதனைக் குப்பியில் நிறம் ஏதோ மாறியது என்றார்கள்.

"இது என்னடா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"சாதனம் சாரே" என்றான் காட்வின்.

"என்ன சாதனம்?"

"சாதனம்னா சாதனந்தான் சாரே. மைனி தந்தது."

காட்வினுடைய போனை வாங்கிப் பார்த்தார்கள். அதில் வந்திருந்த பதிவில் மைனியின் குரல் கணீரென்று ஒலித்தது. "காட்வினே, சாதனம் ரெடி. நல்லா ஒணங்கின சாதனம். தோகாவுல அந்தப் பெண்ணுக்கு ஒடனே வேணும், அது இல்லாம அவளுக்கு ஒறக்கம் இல்ல. ஏர்போர்ட்டுல ஒருத்தன் வருவான், அவனுக்க கையில குடு. உள்ள என்னான்னு நீயும் அறியாண்டாம், அவனும் அறியாண்டாம். அறிஞ்சா அவன் எடுக்க மாட்டான்."

சாகும்வரை சிறையில் வைப்பதற்கு இதைவிட நல்ல வாக்குமூலத்தை யாராலும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. இலைதழை என்று தெரிந்தால் பெட்டியில் இடமில்லை என்று விமானம் ஏறப்போகிற அந்த ஆள் கையை விரித்துவிடுவான். மைனிக்கு இருந்த கவலை அவ்வளவுதான்.

ஜீப் எங்கள் தெருவுக்கு வந்தது. மைனி வாசலில் நின்று, "உள்ள வாங்கோ சாரே. டேப்பு கெடக்கு, கால்ல ஒட்டிக்கிடும், பாத்து" என்றார்.

"சாதனத்தை எங்க பதுக்கி வெச்சிருக்க?"

"பதுக்கதுக்கு என்ன கெடக்கு? வீடு நெறச்சும் சாதனந்தான். ஒங்களுக்கு எந்த சாதனம் வேணும்?"

உள்ளே போன இன்ஸ்பெக்டருக்குக் கண்கள் பனித்தன. கூடம் முழுக்கப் பழுப்பு டேப்புப் பொட்டலங்கள், கூரை முட்ட. சர்வதேசக் கும்பலின் கிடங்கையே கண்டுபிடித்துவிட்டோம் என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்ப் பிரித்தார்கள். நெத்திலிக் கருவாடு, உப்பேரி, மறுபடியும் கருவாடு. அந்த ஸ்டேஷன் வாசலில் ஊர்ப் பூனைகள் வெகுநாள் வரை மனு கொடுக்க நிற்பதுபோல் நின்றன.

சிரிப்பு அத்தோடு நின்றுபோயிற்று. கஞ்சா கடத்தியதாக மைனி மேலும் காட்வின் மேலும் வழக்கு. இலைத்தூளைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள், முடிவு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை மைனி பெண்கள் சிறையில், காட்வின் ஆண்கள் சிறையில். நேற்று வரை மைனி வீட்டுக் கூடத்தில் காத்துக்கிடந்தவர்கள் அந்தத் தெருவழியே வருவதைத் தவிர்த்தார்கள். "நெருப்பில்லாம புகையுமா" என்று சபையில் ஒருவர் என் காதுபடச் சொன்னார். அவர் பையனுக்கு அபுதாபிக்கு மாதாமாதம் கருவாடு போனது மைனியின் கையால்தான். எனக்கு வந்த கோபத்தில் அவர் வாயில் ஒட்ட ஒரு துண்டு டேப்பு தேடினேன்.

நாகர்கோவிலில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். கெட்டிக்காரர், சுருக்கமாகப் பேசுகிறவர். சிறையில் மைனியைப் பார்க்க என்னையும் அழைத்துப்போனார்.

"பொட்டலத்துல உங்க பேரு இல்ல. உங்க வீட்டுல எடுத்ததுல கஞ்சாவும் இல்ல. சாதனம்னு நீங்க சொன்னது கருவாடுன்னு சொல்லிக்கிடலாம். வண்டியில இருந்த பொட்டலம் உங்களது இல்லன்னு ஒரே வார்த்தை சொல்லுங்க, ஜாமீன் எடுத்துருவேன்" என்றார் வக்கீல்.

"அப்பம் காட்வினு?"

"அவன் வேற வக்கீல் பாத்துக்கட்டும்."

மைனி கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வக்கீலை ஏற இறங்கப் பார்த்தார்.

"லேய் மக்கா, நீ படிச்ச பயலு, கேட்டுக்கோ. அவனுக்கு உள்ள என்ன இருந்துன்னே தெரியாது. நான் சொல்லல்ல. நான் குடுத்ததுனால அவன் வாங்கினான். இப்பம் நான் கைய விட்டா அவனுக்க பிள்ளைக எனக்க மொகத்துல முழிக்குமா? பொறவு இன்னொண்ணு. அந்த ஒட்டு எனக்க ஒட்டு. நாடு முழுக்கத் தேடினாலும் அப்பிடி ஒட்டுகதுக்கு ஆளு இல்ல. அதை எனக்கது இல்லன்னு சொல்ல எனக்கு நாக்கு வராது. சாதனம் எனக்கதுதான். ஆனா அது நொச்சி. கோர்ட்டுல அதைத்தான் சொல்லணும். ஒனக்குச் சொல்ல ஏலாதுன்னா நான் சொல்லுதேன், நீ கோட்டைக் கழத்தித் தா."

வக்கீல் வெளியே வந்து சோடா குடித்தார். "இவங்களை வெச்சுக்கிட்டு எப்படி சார் வழக்கு நடத்துறது" என்றார். ஆனால் விட்டுப் போகவில்லை. காட்வினுக்கும் சேர்த்து அவரே மனு போட்டார்.

ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த அன்று நானும் போயிருந்தேன். அரசு வக்கீல் மைனியின் குரல் பதிவை எழுத்து எழுத்தாக வாசித்தார். கோர்ட்டில் வைத்துக் கேட்டபோது எனக்கே மைனி மேல் சந்தேகம் வந்தது.

"சாதனம் என்பது போதைப்பொருளைக் குறிக்க இந்தக் கும்பல் பயன்படுத்தும் ரகசியச் சொல்" என்று முடித்தார் அரசு வக்கீல்.

எங்கள் வக்கீல் எழுந்து, பொட்டலம் தம் கட்சிக்காரருடையதுதான், உள்ளே இருந்தது நொச்சி, சாதனம் என்பது இந்த ஊரில் எல்லாரும் சொல்கிற சொல் என்றார். நீதிபதி அம்மாள் வெளியூர்க்காரர். அவர் நம்பினமாதிரி தெரியவில்லை. கூண்டில் நின்ற காட்வின் தலையைத் தொங்கப் போட்டான். மைனி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

நீதிபதி ஏதோ நினைத்துக்கொண்டவராய், காவல்துறை சார்பில் வந்திருந்த ஏட்டையாவைப் பார்த்துக் கேட்டார். "கைப்பற்றிய பொருள்ல மாதிரி எடுத்தது போக மீதி எங்க இருக்கு?"

ஏட்டையா எங்கள் மேற்குப் பக்கத்துத் திருவட்டாற்றுக்காரர். விறைப்பாக சல்யூட் அடித்தார்.

"அம்மா, சாதனம் ஸ்டேஷன்ல பத்திரமா இருக்கு."

நீதிபதி எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"என்ன இருக்கு?" என்றார் நீதிபதி.

"அந்த சாதனம் அம்மா. நம்ம தொப்பி, டிபன் பாக்ஸ் எல்லா சாதனமும் வைக்கிற அலமாரி உண்டு. அதுல..." என்று சொல்லிக்கொண்டே போன ஏட்டையா, அரசு வக்கீலின் முகத்தைப் பார்த்த பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன விழுந்தது என்று உணர்ந்தார். சல்யூட் அடித்த கை அப்படியே நின்றது.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு கோர்ட்டே சிரித்தது. கூண்டிலிருந்து மைனியின் குரல் வந்தது. "அம்மா, ஏட்டையாவை ஒண்ணும் செய்யாண்டாம். அவரும் எங்க கும்பலுதான்."

நீதிபதி மேஜையைத் தட்டினார். ஆனால் முதலில் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் தட்டினார். இரண்டு பேருக்கும் ஜாமீன்.

சில மாதங்கள் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. கஞ்சா அல்ல. வழக்கு முடிந்தது. கோர்ட் உத்தரவோடு பொட்டலத்தை வாங்க நானும் மைனியோடு போனேன். இன்ஸ்பெக்டர் மறுபடியும் மாற்றலாகிப் போயிருந்தார். ஏட்டையாதான் எடுத்துக் கொடுத்தார். போலீஸ்காரர்கள் ஏதோ சன்னமான டேப்பு போட்டு அரக்கு வைத்திருந்தார்கள். மைனி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன ஒட்டு ஏட்டையா? ஊதினா பறந்துரும்."

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து டேப்பை எடுத்து, பல்லால் அறுத்து அறுத்து, சுற்றி முடித்தார். காட்வினைக் கூப்பிட்டு, விமான நிலையத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

"மைனி, ஷைனி பிள்ளை தவழ ஆரம்பிச்சாச்சு. இனி எதுக்கு வேது?" என்றேன்.

"அடுத்த பிள்ளைக்கு ஆவும். தொடங்கின சாதனம் போய்ச் சேரணும்லா" என்றார் மைனி. காட்வின் வாங்கிக்கொண்டான்.

நான் இப்போது சென்னையில் இருக்கிறேன். ஊரைவிட்டு வரும்போது மைனி ஒரு பொட்டலம் தந்தார். உள்ளே என்ன என்று கேட்டதற்கு, சாதனம் என்றார். பிரிச்சியா, பிரிச்சியா என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கத்தி மழுங்கிவிட்டது மைனி, வேறு வாங்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவைக்கிறேன். கத்தியெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. மைனி கையால் ஒட்டியதைப் பிரிக்க எனக்குத்தான் மனசு வரவில்லை.