அப்பா வாய்க்காலில் வந்த கதை

சாவு வீட்டுக் காரியம் எதையும் படித்தவனிடம் ஒப்படைக்கக் கூடாது. பாடை கட்டுகிறவன் கட்டுவான், சங்கு ஊதுகிறவன் ஊதுவான், படித்தவன் யோசிப்பான். அவன் யோசித்தால் காரியம் கெட்டது என்று அர்த்தம். நான் எட்டாம் வகுப்பு தேறியவன். ஆண்டிபட்டியில் எங்கள் தெருவுக்கு அன்றைக்கு அதுவே மகா படிப்பு. (கணக்கில் தேறியது எப்படி என்று வாத்தியாருக்கே தெரியாது.)

அப்பா இறந்தது உலகச் சண்டை நடந்த காலத்தில், நல்ல கோடையில். சிறுவயதில் மலைக்குப் போய்ப் பெரியாற்று அணைக்குச் சுண்ணாம்பு சுமந்தவர் அவர். மேற்கே ஓடிக் கடலில் விழுந்துகொண்டிருந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே கம்பம் பள்ளத்தாக்குக்குத் திருப்பிவிட்ட அணை. அந்தத் தண்ணீர் கம்பத்தை விளைய வைத்து, வைகையில் சேர்ந்து, எங்கள் ஊருக்கு ஓரமாகவே மதுரைப் பக்கம் போய்விடும். எங்கள் மானாவாரிக் காட்டுக்கு ஒரு சொட்டு வராது. "நான் சொமந்த சுண்ணாம்புக்கு ஊரான் வயல் வெளையுது. நமக்கு வானம் பாத்த பொழப்பு" என்று சொல்லிச் சிரிப்பார். சாகிறபோது சிரிக்கவில்லை. "என் சாம்பலையாச்சும் அந்தத் தண்ணியில விட்டுருங்கப்பா" என்றார்.

அக்கா வெள்ளையம்மாளைச் சுருளிப்பட்டிக்குப் பக்கத்து ஊரில் கட்டிக் கொடுத்திருந்தது. ஆள் போய்ச் சொல்லி, அவள் வண்டி கட்டி வந்து சேர்வதற்குள், "வெயிலு தாங்காது, எடுங்கப்பா" என்று பெரியவர்கள் எடுத்துவிட்டார்கள். கொள்ளி வைத்தவன் நான். அவள் வந்தபோது வாசலைக் கழுவிவிட்டிருந்தது. ஈரத்தரையில் உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மொகத்தக்கூடக் காட்டாமக் கொண்டுபோயிட்டியேடா, பாவி!"

அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். அம்மா என்னைப் பெற்றதோடு சரி. இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்காதான். அப்பா போனதற்கு ஊரே அழுதது. அக்காவின் பேச்சு போனதற்கு நான் மட்டும் தனியாக அழுதேன்.

வைகையில் அப்போது மணல்தான் ஓடியது. முதல் போகத்துக்கு அணை திறக்கட்டும் என்று சாம்பல் கலயத்தை ஊருக்கு வெளியே வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். திறக்கிற நாள் தெரிந்ததும், தறி நெய்கிற தாய்மாமா என்னிடம் கலயத்தைக் கொடுத்தார். "ஏலே, கரைச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரணும். திரும்பிப் பாத்தா செத்தவுக பின்னாலயே வந்துருவாக" என்றார்.

அப்பா சுண்ணாம்பு சுமந்த அணையிலேயே கரைத்துவிடுவது என்று புறப்பட்டேன். இங்கேதான் என் படிப்பு வேலை செய்தது. சாம்பல் கலயத்தோடு எவன் பஸ்ஸில் ஏற்றுவான்? பெட்ரோல் கிடைக்காத காலம். முதுகில் அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடும் கரி பஸ் ஒன்றுதான் கதி. மாமா தறியில் மிச்சமிருந்த மஞ்சள் துணியைக் கலயத்தைச் சுற்றிக் கட்டினேன். வாயில் தேங்காயை வைத்து இறுக்கினேன். வேப்பிலை செருகி, செவ்வந்திச் சரமும் சுற்றியானதும் எனக்கே கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றியது.

"என்னப்பா கொடம்?" என்றார் கண்டக்டர்.

"ஆத்தா கோயிலுக்கு."

அவ்வளவுதான். டிரைவருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. தேனியில் ஏறிய ஒரு அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கலயத்துக்குக் குங்குமம் வைத்து, "எம் மகளுக்கு ஒரு புள்ளையக் குடு தாயே" என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள். அப்பாவிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. அவரிடம் கொடுக்க என்ன இருந்தது? நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பை அடக்கத்தான் திரும்பினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மலையேறித் தேக்கடி ஏரிக்கரைக்குப் போனேன். தண்ணீருக்குள் முழுகிச் செத்த மரங்கள் மொட்டை மொட்டையாக நின்றன. அணையைத் தேடினால் கண்ணுக்கு எட்டவில்லை. அது உள்ளே தூரத்தில் இருக்கிறது, தோணியில் போகவேண்டும் என்றார்கள். மதகுப் பக்கம் நின்ற காவல்காரர் மலையாளத்துக்காரர். என் கலயத்தை மோந்து பார்க்காத குறையாகப் பார்த்தார்.

"இவிட இதொண்ணும் பாடில்ல. சர்க்காரு வெள்ளம். கீழ போய்க்கோ. அங்க சாடுறதும் இதே வெள்ளந்தான்."

வெள்ளம் என்றால் அவர் பேச்சில் தண்ணீர்; இங்கே கரைக்கக் கூடாது என்கிறார். கெஞ்சினேன். அப்பா சுண்ணாம்பு சுமந்த கதையைச் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் கைகாட்டிய திசை கீழேதான்.

கீழே இறங்கினேன். அன்று காலையில் திறந்துவிட்ட ஏரித் தண்ணீர் குகைக்குள் நுழைந்து, மலைக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்து, ஆறாகப் பாய்ந்துகொண்டிருந்தது. திறந்து சாம்பலைக் கரைத்து, கலயத்தை உடைத்துவிட வேண்டும், அதுதான் முறை. துணி முடிச்சில் கை வைத்தேன். அவிழ்த்தால் எலும்பு தெரியும். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போன எலும்பு. கை வரவில்லை. தண்ணீரே பார்த்துக்கொள்ளும் என்று மறுபடி யோசித்தேன் (படிப்பு!). ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, கலயத்தைப் பின்பக்கமாகவே இறக்கி விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். அது முங்கியதா, மிதந்ததா, எனக்குத் தெரியாது. சாஸ்திரத்தை அவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடித்தேன்.

கூடலூர்ச் சத்திரத்தில் தங்கிவிட்டு, மறுநாள் அக்கா ஊருக்கு நடந்தேன். அப்பா ஆசைப்பட்டபடியே முடித்துவிட்டேன் என்று சொன்னால் ஒரு வார்த்தையாவது பேசமாட்டாளா என்கிற நப்பாசை. ஊரை நெருங்கும்போதே கொட்டுச் சத்தம். புதுத்தண்ணீர் வாய்க்காலுக்கு வரும் நாளில் பூவும் மஞ்சளும் தூவிக் குலவை போட்டு வரவேற்பது அந்தப் பக்கத்து வழக்கம். அதைப் பார்த்தபடியே போனவன் அப்படியே நின்றேன்.

கூட்டத்துக்கு முன்னால் என் அக்கா. அவள் தலையில் மஞ்சள் துணி கட்டிய கலயம்.

"யாத்தே, பாத்தியா அதிசயத்த!" என்று பக்கத்தில் நின்ற கிழவர் என் கையைப் பிடித்தார். "மொதத் தண்ணியோட ஆத்தா கொடமா வந்தாக! துக்கத்துல தள்ளி நின்ன புள்ள கால்ல வந்து முட்டுனாக. அவ கையாலதான் கோயிலுக்குப் போகணும்னு நாட்டாமை சொல்லிட்டாரு."

அத்தனை பாறையிலும் உடையாமல் வந்திருக்கிறார் மனிதர். உயிரோடு இருந்தபோதும் இதே பிடிவாதம்தான். கோயில் பத்தடியில் இருந்தது. சாம்பல் உள்ளே போய், பிறகு தெரிந்தால், என்னை உரித்துவிடுவார்கள். அக்காவை அந்த ஊரில் வாழவிட மாட்டார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி, அவள் காலில் விழுந்து கும்பிடுகிறவன் போல நெருங்கிக் காதருகே சொன்னேன்.

"அக்கா... அது அப்பாக்கா."

அவள் நின்றாள். கொட்டும் நின்றது. கலயத்தைக் கீழே போட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு, தெருவே அதிரும்படி ஒரு சத்தம் போட்டாள்.

"ஏலே! நான் கோயிலுக்குள்ள வரலடா! எனக்கு வயக்காடு வேணும்டா!"

"ஆத்தா சொல்லிட்டாக! வழிய விடுங்கப்பா!" என்று நாட்டாமை கத்தினார்.

அக்கா வந்த வழியே திரும்பி, வாய்க்காலைத் தாண்டி, புதுத்தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்த முதல் வயலில் இறங்கினாள். சேற்றில் மண்டியிட்டுத் தேங்காயைப் பிடுங்கினாள். உள்ளே கையை விட்டாள். எடுத்ததைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அவள் அழுத அழுகையை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. ஆத்தா மனம் குளிர்ந்து அழுகிறாள் என்று ஊரே குலவை போட்டது. அந்தக் குலவைக்கு நடுவில் அப்பா வயலில் கரைந்தார். ஆயுளெல்லாம் மழையை அண்ணாந்து பார்த்தவர், கடைசியில் நஞ்சைக்காரர் ஆனார்.

கூட்டம் கலைந்ததும், சேற்றுக் கையோடு என்னிடம் வந்தாள். அடிக்கப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். தலையைத் தடவினாள்.

"கொள்ளி நீ வச்ச. சொமந்தது நாந்தான்" என்றாள். "சாப்ட்டியாடா?"

அந்த ஊரில் இன்றும் தண்ணீர் வரும் நாளில் மஞ்சள் துணி சுற்றிய குடத்தை வாய்க்காலில் விட்டு, வயலில் உடைக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு புராணம் சொல்கிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. ஆனால் அக்கா தன் பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்துவிட்டாள். அவர்கள் வீட்டில் எந்தச் சாமானைக் கொடுத்தனுப்பினாலும், "மாமாகிட்டக் குடுத்துறாத, ஆத்துல விட்டுட்டு வந்துருவாக" என்பார்கள். கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை.

போன வருடம் அக்கா படுத்த படுக்கையானாள். கடைசி நாட்களில் பிள்ளைகளைக் கூப்பிட்டு, என்னைக் காட்டிச் சொன்னாள்.

"எஞ் சாம்பல இவங்கிட்டயே குடுங்கடா. எங்கன விட்டாலும் அப்பாகிட்டச் சேந்துரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே எழுந்து வெளியே போனேன்.