வேப்பமரத்துக்கு மேலே

அருண்பாண்டியன் அடித்த பந்து காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி பஸ் ரோட்டில் போய் விழுந்தது. சேட்டு மைக்கை உதட்டோடு அணைத்துக்கொண்டு, "படியேறுது, படியேறுது, முருகா நீயே புடிச்சுக்கோ" என்று முழங்கினார்.

திருத்தணியில் சிக்சருக்கு அதுதான் வசனம். மைதானத்திலிருந்து பார்த்தால் மலைக்கோயில் படிக்கட்டு தெரியும் என்பதால் சேட்டு அதைக் கண்டுபிடித்தார். ஞாயிறுதோறும் நடக்கும் டென்னிஸ் பந்து மேட்சுகளில் பல வருடங்களாக அதைச் சொல்லிவருகிறார். சொன்னதும் கூட்டம் விசிலடிக்கும். விசில் அடங்குவதற்குள் அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்வார்.

அன்றைக்கு விசில் வரவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்தவர் அப்படியே மூடி வைத்தார். கூட்டம் முழுக்க அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேலே ஸ்ரீதரின் ட்ரோன் நின்றுகொண்டிருந்தது.

சேட்டுவுக்கு மைக்செட் கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர் செட்தான். அதெல்லாம் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை வர்ணனைதான் அவருக்கு வாழ்க்கை. நகரியிலிருந்து டீம் வந்தால் பாதித் தெலுங்கில் பேசுவார். ஆர்.கே.பேட்டை டீம் வந்தால், தறி ஓட்டுகிற வேகத்தில் ரன் ஓடக் கூடாதா என்று வம்புக்கு இழுப்பார். அவுட்டானவன்கூடச் சிரித்துக்கொண்டேதான் வெளியே போவான்.

ஸ்ரீதர் நேற்று முளைத்தவன். கல்யாண வீடியோ எடுப்பவன். கமிட்டித் தலைவர் கிருஷ்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ட்ரோனைக் கொண்டுவந்து இறக்கிவிட்டான். மேட்சை மேலிருந்து படம்பிடித்து யூடியூபில் போடுவானாம். சேட்டுவிடமும் அவன் பணிவாக ஒன்று கேட்டிருந்தான். வேப்பமரத்தில் ஸ்பீக்கர் கட்டியிருக்கிற கிளையில் ஒரு பழைய செல்போனைக் கட்டிக்கொள்ளலாமா என்று. ட்ரோனுக்கு சிக்னல் பிடிக்கிற சமாச்சாரம்போல என்று நினைத்து, எதற்கு என்றுகூடக் கேட்காமல் சேட்டு தலையாட்டிவிட்டார். எந்த நேரத்தில் தலையாட்டினோமோ என்று இப்போது அவருக்கு வயிறெரிந்தது.

இதை மைக்கிலேயே தீர்த்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார்.

"மேல ஒரு ஈ சுத்திகினு கீது. யாராவது பலாப்பழம் துண்ணுகினு கீறீங்களா?"

கூட்டம் சிரித்தது. சேட்டு தண்ணீர் குடித்தார். அந்த சந்தோஷம் ஒரு வாரம்தான் நின்றது. அடுத்த ஞாயிறு ட்ரோன் வரக் கொஞ்சம் தாமதமானதும், "ஈ எங்க, ஈ வரலியா" என்று நாலா பக்கமும் குரல் கிளம்பிவிட்டது. ட்ரோன் மேலே எழும்பியபோது அப்படி ஒரு விசில். சிக்சருக்கு அடிக்கிற அதே விசில். பேரில்லாமல் பறந்துகொண்டிருந்ததற்கு அவரே பேர் வைத்துக் கொடுத்திருந்தார்.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் ஈ. அவர் மனைவி புஷ்பலதா சமையலறையில் செல்போனைச் சுவரில் சாய்த்துவைத்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, வெங்காயத்தை நறுக்கியபடி தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, நேத்து மேட்ச் வந்துகீது. ஒரே ஒரு வாட்டி பாருங்களேன், பார்த்தாத்தான்..."

"அந்தப் பேச்சு இந்த வூட்ல வாணாம்."

அவள் கழற்றிய இயர்போனை மறுபடி காதில் மாட்டிக்கொண்டாள். அரக்கோணத்தில் இருக்கும் அவள் தங்கை நிர்மலாவும் ரயிலில் வேலைக்குப் போகும்போது இதைத்தான் பார்க்கிறாளாம். கூட வருகிற பெண்களும் எட்டிப் பார்க்கிறார்களாம். கட்டின மனைவி, மச்சினி, ஒரு ரயில் பெட்டி, எல்லாம் அந்தப் பயல் பக்கம் போய்விட்டது. சேட்டு இன்றுவரை அந்த வீடியோவை ஒரு நொடிகூடப் பார்த்ததில்லை. பார்த்தால் அதுவும் அவன் கணக்கில் ஒன்று கூடுமே. அந்தப் புண்ணியத்தை அவனுக்குத் தர அவர் தயாராக இல்லை.

அடுத்தபடியாக அவர் கிருஷ்ணனைப் பிடித்தார். பந்து ட்ரோனில் பட்டால் என்ன ஆவது, சிக்சரா அவுட்டா, நாளைக்கு அடிதடி ஆனால் யார் பொறுப்பு என்று பயமுறுத்தினார். கிருஷ்ணனுக்கும் அது நியாயமாகப் பட்டது. கமிட்டி கூடி, ட்ரோனில் பட்ட பந்து செல்லாது என்று தீர்மானம் போட்டது. இதோடு பயல் பயந்து ஓடிவிடுவான் என்று சேட்டு எதிர்பார்த்தார்.

அந்த வாரம் கே.ஜி.கண்டிகை டீமோடு ஊர் டீமுக்கு மேட்ச். கடைசி ஓவரில் கஜபதி என்கிற கண்டிகைப் பையன் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தூக்கினான். பந்து செங்குத்தாக மேலே போய் ட்ரோனின் காலில் உரசி, கீழே காத்திருந்த அருண்பாண்டியன் கைக்குள் கச்சிதமாக விழுந்தது. ஊர் டீம் ஜெயித்துவிட்டது என்று சேட்டு இரண்டு மொழியிலும் அறிவித்தார். அம்பயர் கையை ஆட்டினார். செல்லாதாம். சேட்டு கொண்டுவந்த சட்டம். கஜபதி மறுபடி நின்று அடுத்த பந்தை பஸ் ரோட்டுக்கு அனுப்பினான்.

தோற்ற துக்கம்கூட ஊர்க்காரர்களுக்கு இல்லை. ஈ பந்தைத் தடுத்த கதையைத்தான் டீக்கடைகளில் பேசிக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு கூட்டம் இரட்டிப்பானது.

சேட்டு கிருஷ்ணனிடம் போய் நின்றார். "தலைவரே, கிரவுண்டு யாரோடது? நம்ம பர்மிசன் இல்லாம இவன் எப்டி மேல சுத்தறான்?"

கிருஷ்ணன் வேப்பமரத்தை நிதானமாக அண்ணாந்து பார்த்தார். "கிரவுண்டு முனிசிபாலிட்டியோடது. ஆட்டம் நடத்தறது கமிட்டி. வேப்பமரம் உசரம் வரைக்கும் நான் பேசலாம் சேட்டு. அதுக்கு மேல யாருன்னு எனுக்குத் தெரியாது."

தெரியாததைத் தெரிந்துகொள்ள சேட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். அங்கே அனுசுயா என்கிற அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மைதானத்துக்குக் கிழக்கே ரோடு, மேற்கே கால்வாய் என்று நாலு பக்கமும் எல்லை உண்டு, மேல்பக்கத்துக்கு எல்லை கிடையாது என்றார்.

"அப்ப மேல யாருங்க இருக்கறது?"

அந்த அம்மாள் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

முருகனிடம் மனு கொடுக்க முடியாது என்பதால், சேட்டு தன் வழியிலேயே ஒன்று செய்து பார்த்தார். கிளையில் தொங்கிய அந்த செல்போனுக்கு நேராக ஒரு ஸ்பீக்கரைத் திருப்பிவைத்தார். சத்தத்தைக் கூட்டினார். சிக்னல் கலங்கி ட்ரோன் குப்புற விழட்டும் என்று அன்றைக்கு அவர் வர்ணித்த வர்ணனையில் மலை எதிரொலித்தது. தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். ட்ரோன் அசையவில்லை. ஸ்ரீதரின் முகம் மட்டும் வாராவாரம் ஒரு சுற்று இறுகிக்கொண்டே வந்தது. முன்பெல்லாம் அண்ணா என்று கூப்பிட்டவன் இப்போது இவரைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். புகழ் வந்ததும் தலைக்கனம் பார் என்று சேட்டு பல்லைக் கடித்தார்.

ஆர்.கே.பேட்டைக்கு ஒரு ஸ்பீக்கர் பார்க்க டவுன் பஸ்ஸில் போனபோது அது இன்னும் மோசமானது. "பேட்டை ஒண்ணு" என்று சேட்டு கேட்டதும், கண்டக்டர் டிக்கெட் கொடுக்காமல் அவர் முகத்தையே பார்த்தார்.

"நீங்க திருத்தணியா? அந்த கிரவுண்டு ட்ரோன் வீடியோவுல..."

சேட்டு வெடுக்கென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போகிற வழியெல்லாம் அவர் திரும்பவே இல்லை. கண்டக்டர் மீதிச் சில்லறையை நீட்டியபோதும் கையை மட்டும் பின்னால் நீட்டி வாங்கிக்கொண்டார்.

கடைசியில் போலீஸ் ஸ்டேஷன். அங்கே அரசு என்கிற ஏட்டு அவருக்குப் பழக்கம். அவர் மகள் காதுகுத்துக்கு சேட்டுதான் செட் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் ஏட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் அரக்கோணத்தில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, இந்தச் சுற்றுவட்டாரத்தில் கண்டபடி எதையும் பறக்கவிடக் கூடாது, அவனிடம் அனுமதி இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றார். சேட்டு வீட்டுக்கு வரும் வழியில் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வந்தார். புஷ்பலதா என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, ஆகாசம் நமக்குத்தான் என்றார்.

ஸ்ரீதரிடம் அனுமதி இருந்தது. முறைப்படி பதிவு செய்து, பயிற்சிக்குப் போய், எல்லாம் கையில் வைத்திருந்தான். அடுத்த ஞாயிறு கழுத்தில் அடையாள அட்டையோடு வந்தவனுக்கு கிருஷ்ணன் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டார். சேட்டுவின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. புகார் என்று ஒன்று வந்துவிட்டதால் பாதுகாப்புக்காக ஏட்டு தன் பங்குக்கு ஒன்று சொல்லியிருந்தார். ட்ரோன் ஏறும்போதும் இறங்கும்போதும் பொதுமக்களுக்கு மைக்கில் அறிவிக்க வேண்டும்.

மைக் யார் கையில் இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

"பொதுமக்கள் கவனத்துக்கு. தம்பி ஸ்ரீதரின் ட்ரோன் இப்போது மேலே ஏறுகிறது." இதைச் சொல்லும்போது சேட்டுவின் வாய் கோணிக்கொண்டது. கூட்டம் கைதட்டியது. பக்கத்து நாற்காலியில் ஸ்ரீதர் உம்மென்று உட்கார்ந்திருந்தான். கைதட்டலுக்குக்கூடச் சிரிக்கவில்லை. எவ்வளவு திமிர் இருந்தால் இப்படி உட்கார்ந்திருப்பான்.

அந்த வாரம் முழுக்க சேட்டு சரியாகச் சாப்பிடவில்லை. இந்த வருடக் கோப்பை ஃபைனலுக்கு நாலு நாள்தான் இருந்தது. இத்தனை வருடம் கோப்பையைத் தூக்கிய எவன் பெயரும் ஊருக்கு நினைவில்லை, ஃபைனலில் சேட்டு பேசிய பேச்சு நினைவிருக்கும். அதுவும் இந்த வருடம் போய்விடும். நேராக ஸ்டேஷனுக்குப் போய் ஏட்டின் முன்னால் நின்றார்.

"சார், ஒண்ணு அது மேல இருக்கணும், இல்ல நான் கீழ இருக்கணும். ரெண்டும்னா என்னால ஆவாது. நான் மைக்க வெச்சுட்டுப் போய்க்கினே இருப்பேன்."

கண் கலங்கியதைப் பார்த்து ஏட்டுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பார்க்கலாம், போய்ச் சாப்பிடு என்று அனுப்பிவைத்தார்.

ஃபைனல் அன்று காலையில் சேட்டு மைதானத்துக்குள் நுழைந்ததும் முதலில் மேலே பார்த்தார். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. வேப்பமரத்தடிக்குப் போனார். பக்கத்து நாற்காலி காலி. கிளையில் தொங்கிய செல்போனையும் காணோம். கிருஷ்ணனிடம் கேட்டதற்கு, ட்ரோன் இனிமேல் வராதாம், ஏன் என்று தெரியவில்லை, பையன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கையை விரித்தார். சேட்டுவுக்குக் காரணம் தெரியும். ஏட்டு பெரிய மனுஷன்.

அன்றைக்கு அவர் பேசியதுபோல் இதுவரை பேசியதில்லை. நகரி டீமின் பௌலரைத் தெலுங்கில் கொஞ்சினார். ரன் அவுட்டான அருண்பாண்டியனை, அம்மா சோறு போடக் கூப்பிட்டாலும் இந்த வேகத்தில்தான் ஓடுவியா என்று கேட்டார். கடைசி ஓவரில் ஊர் டீம் பையன் ஒருவன் தூக்கி அடித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "படியேறுது, படியேறுது, முருகா நீயே புடிச்சுக்கோ." விசில் காதைத் துளைத்தது. அத்தனை தலையும் வேப்பமரத்தைப் பார்த்துத் திரும்பியது. சேட்டு ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்து முடித்தார்.

கூட்டம் கலைந்ததும், பந்தோபஸ்துக்கு வந்திருந்த ஏட்டு வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சேட்டு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், இந்த உதவிய நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னதும் எறக்கிட்டான் பாருங்க."

"நான் எங்க சொன்னேன்? நேத்து அவனே ஸ்டேஷனுக்கு வந்து, இனிமே இந்த கிரவுண்டுல ஏத்த மாட்டேன்னு சொல்லிட்டுப் போய்ட்டான்."

"அவனேவா? ஏன் சார்?"

ஏட்டு டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "மேலருந்து பாத்தா ஆளுங்க எறும்பாட்டம் தெரியறாங்களாம், படத்த எவனும் பாக்கறதே இல்லியாம், மரத்துல செல்லக் கட்டி ரெகார்டு பண்ணானே உன் பேச்சு, அதக் கேக்கத்தான் ஊரு நாடெல்லாம் தொறக்கறாங்களாம், அந்தாளுக்குப் பேர் வாங்கிக் குடுக்க நான் எதுக்கு சார் ஏத்தணும்னு அழாத குறையா கேட்டான், ஒரு மனுஷனுக்கு இவ்ளோ வயித்தெரிச்சல் ஆவாது, சேட்டு."