சுவரைச் சரி பண்ணின கதை

வால்டெமார் மூன்றாவது தடவையாகச் சுண்ணாம்பு அடித்துவிட்டு நாலடி பின்னால் போய்ப் பார்த்தார். சுவர் வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெள்ளைக்குள்ளிருந்து 'சோஷலிசம்' என்ற சொல் இளஞ்சிவப்பாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத சொல்லை இப்போது பஸ்ஸில் போகிறவர்கள்கூடக் கழுத்தைத் திருப்பிப் படித்தார்கள்.

"கப்பலுக்கு அடிக்கிற பெயிண்ட்டுப்பா அது. ராணுவ ஆட்சி ஒழிஞ்ச வருஷம் துறைமுகத்துலருந்து நம்ம ஆளுங்க தூக்கிட்டு வந்தது. கடல் தண்ணிக்கே அசையாது, உன் சுண்ணாம்புக்கா அசையப் போகுது?" என்றார் எல்பியோ. அவர் கொத்தனார். கட்சிக் கிளையிலேயே கொள்கையில் பெரிய தீவிரக்காரர் அவர்தான்.

வினை வியாழக்கிழமை காலை போனில் வந்தது. உருகுவேயின் தலைநகர் மொந்தெவிதேயோவில், லா தேஜா பேட்டையில் இடதுசாரிக் கட்சியின் கிளைச் செயலாளராக வால்டெமார் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறார். தலைமையகத்திலிருந்து இப்படி நேரடியாகப் போன் வந்தது இதுதான் முதல் தடவை. ஜனாதிபதி வேட்பாளர் சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கிளை அலுவலகத்துக்கு வருகிறார், சுவருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார் என்று ஓர் இளம் குரல் சொன்னது. "அந்தச் சுவரைக் கொஞ்சம் சரி பண்ணி வச்சிடுங்க, சார்" என்றது. நகரசபைத் தேர்தலுக்கான கட்சிப் பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கிறது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

ஒவ்வொரு தேர்தலுக்கும் பட்டியல் வந்ததும் வால்டெமார் மேலிருந்து கீழே ஒருமுறை தேடுவார், பிறகு சந்தேகத்துக்குக் கீழிருந்து மேலே ஒருமுறை தேடுவார். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அவர் பெயர் இருந்ததில்லை. பஸ் கண்டக்டராக முப்பது வருஷம் எல்லாரையும் உட்காரவைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டே போனவர். ஒரு நாற்காலியில் தானும் உட்கார வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலமே கிளைக் கூட்டம் கூடியது. மொத்தம் பதினோரு பேர். 'சரி பண்ணுவது' என்றால் என்ன என்பதுதான் ஒரே பொருள். சுவரில் விரிசல் இல்லை, ஈரம் இல்லை. அப்படியானால் எதைச் சரி பண்ணச் சொல்கிறார்கள்? 'தோழர்' என்று கூப்பிடாமல் 'சார்' என்று கூப்பிட்டார்கள் என்பதை வால்டெமார் சொன்னதும், 'சோஷலிசம்' என்ற சொல்லைத்தான் என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

எல்பியோ எழுந்து அரைமணி நேரம் பொரிந்து தள்ளினார். கட்சி கொள்கையைக் கைகழுவிவிட்டது, முதலாளிகளோடு விருந்து சாப்பிடுகிறது, அந்தச் சொல்லைச் சொல்லவே வெட்கப்படுகிறது என்றார். கை வலிக்கத் தட்டினார்கள். பிறகு அந்தச் சொல்லை அழிக்கலாமா என்று ஓட்டெடுத்தபோது முதலில் உயர்ந்த கை எல்பியோவுடையது.

எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரே ஆள் வால்டெமாரின் மனைவி மில்கா.

"அந்த எழுத்தை நீ எழுதுறப்போ ஏணியைப் பிடிச்சவ நான். எதைச் சரி பண்ணணும்னு ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன குறைஞ்சு போயிடுவ?" என்றாள்.

"இதுகூடவா புரியலன்னு பட்டியல்லருந்து என் பேரை எடுத்துட்டா?"

எல்லாரும் மாறி மாறிக் குடிக்கிற மாத்தே தேநீர்க் கிண்ணத்தை மில்கா எடுத்தாள். அதில் வெந்நீர் ஊற்றிச் சுற்றுக்கு விட்டாள். மற்ற ஒன்பது பேரும் வரிசையாகக் குடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார்கள். வால்டெமாரின் முறை வந்தபோது கிண்ணம் அவரைத் தாண்டி அடுத்த ஆளிடம் போனது. இரண்டாவது சுற்றிலும் அப்படியே. உருகுவேயில் ஒரு பெண் புருஷனை இதைவிட மோசமாகத் திட்ட முடியாது.

ராத்திரியெல்லாம் அடித்த சுண்ணாம்பு தோற்றதும் வெள்ளிக்கிழமை காலை வால்டெமாருக்கு ஒரு யோசனை வந்தது. முழுச் சொல்லையும் ஏன் அழிக்க வேண்டும்? பின்பாதி மட்டும்தானே வம்பு? 'இசம்' இருந்த இடத்தில் தார் மாதிரி கெட்டியான வெள்ளைப் பெயிண்ட்டை அப்பினார். 'சோஷல்' மிஞ்சியது. பார்க்கக் கண்ணியமாக இருந்தது. அரைமணி நேரத்தில் ஒரு வயதான ஜோடி வந்து, சோஷல் கிளப் எப்போது திறந்தீர்கள், சனிக்கிழமை டான்ஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தது. மத்தியானத்துக்குள் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். அதற்குள் அந்த வெள்ளைப் பெயிண்ட்டையும் மீறி 'இசம்' இளஞ்சிவப்பாகத் தலைகாட்டிவிட்டது.

"கொத்தி எடுத்துட வேண்டியதுதான்" என்றார் எல்பியோ.

உளியை எடுத்து எழுத்தெழுத்தாகக் கொத்தினார். ஒவ்வோர் அடிக்கும், "கொள்கையை விட்டுட்டானுங்க, கொள்கையை விட்டுட்டானுங்க" என்று வைதுகொண்டே கொத்தினார். சுத்தமான வேலைக்காரர். சிவப்பு இருந்த இடத்தை மட்டும் கொத்தியதால், கடைசியில் சொல் சுவரில் இரண்டு விரல்கடை ஆழத்துக்கு அழகாகச் செதுக்கப்பட்டிருந்தது. பள்ளத்தில் சிமெண்ட் வைத்துப் பூசினார்கள். மேலே அடித்த சுண்ணாம்பையும் ஈரச் சிமெண்ட் குடித்துவிட, வெள்ளைச் சுவரில் சாம்பல் நிறத்தில் சொல் முன்னைவிடக் கம்பீரமாக எழுந்து நின்றது.

"இது என்னவோ கல்வெட்டு மாதிரி ஆயிடுச்சே" என்றார் வால்டெமார். 

வேறு வழியில்லை. சனிக்கிழமை விடிந்ததும் மொத்தச் சாந்தையும் செங்கல் தெரியும்வரை இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகப் பூசினார்கள். பத்தே முக்காலுக்கு வேலை முடிந்தது. சுவர் இப்போது யாருடைய சுவராகவும் இருக்கலாம், ஒரு வங்கியின் சுவராகக்கூட. வால்டெமாருக்கு அழுகை வந்தது. பட்டியலை நினைத்துக்கொண்டார், அடங்கியது. மில்கா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய், சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

பதினொரு மணிக்குக் கட்சிக் கார் வந்தது. வேட்பாளர் உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார். முதலில் இறங்கியது போட்டோ எடுக்கிற பெண்தான். தன் கைபேசியில் ஒரு படத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், தெருப் பெயர்ப் பலகையைப் பார்த்தாள்.

"வால்டெமார் தோழர் நீங்கதானே? எழுத்து எங்க?"

"சரி பண்ணிட்டோம்" என்றார் வால்டெமார்.

"ஐயோ, மங்கிப் போயிருக்கு, மேல கொஞ்சம் சிவப்பு தீட்டிச் சரி பண்ணுங்கன்னுதானே போன் பண்ணின புதுப் பையன்கிட்ட சொல்லச் சொன்னோம்? நாம கொள்கையை விட்டுட்டோம்னு ஊரெல்லாம் பேசுது. அதுக்காகத்தான் தலைவர் அந்தச் சொல்லு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கணும்னு வந்திருக்காரு."

எல்பியோ உளியைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார். வால்டெமாரின் வாயில் ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

"அப்போ... பட்டியல்ல என் பேரு?"

அந்தப் பெண் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"ஊர்லயே அந்தச் சொல்லை அழிக்காம வச்சிருக்கிற ஒரே ஆளு நீங்கன்னுதானே தோழர், உங்க பேரையே சேர்த்தாங்க."