விளம்பரம் வெட்டுகிற வெட்டி வேலை

இனிமேல் என் வீட்டுக்குள் புகுந்து எவனும் எனக்குச் சோப்பு விற்கக் கூடாது!

இந்தத் தீர்மானத்தை நான் எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. தொலைக்காட்சியில் துப்பறிவாளர் கொலைகாரனின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் ஒருத்தி பற்பசையைத் திணித்தாள். பின்னாலேயே கார் இன்ஷூரன்ஸ், பூனைத் தீனி, முட்டிவலித் தைலம். கடைசியில் கொலைகாரன் யார் என்று தெரிந்தபோது, செத்தவன் யார் என்பது எனக்கு மறந்துவிட்டது.

"ரோஸ்வீத்தா, இதுக்கு ஒரு முடிவு கட்டப் போறேன்."

"முதல்ல அந்தக் குளியலறைக் குழாய்க்கு ஒரு முடிவு கட்டு," என்றாள் என் மனைவி, ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே.

நான் கெர்னோட். முன்னாள் கிழக்கு ஜெர்மனியின் கேரா நகரத்து டிராம் பணிமனையில் எலெக்ட்ரீஷியன். டிராம் நான் சொன்னபடி கேட்கும். அதற்குத் தண்டவாளம் இருக்கிறது. ரோஸ்வீத்தாவுக்குத் தண்டவாளம் கிடையாது.

எங்கள் மகள் கெர்ஸ்டின் வேலை கிடைத்து ஷ்டுட்கார்ட்டுக்குப் போனபோது பழைய கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போனாள். அதன் வயிற்றைத் திறந்து டிவி கார்டு ஒன்றைச் செருகினேன். ஆண்டெனா வயரை அவளுடைய அறை வரைக்கும் இழுத்தேன். அவ்வளவுதான். தொலைக்காட்சியில் வருவதையெல்லாம் கம்ப்யூட்டர் தானே பதிவு செய்துகொள்ளும். பிறகு நான் உட்கார்ந்து, விளம்பரம் தொடங்குகிற இடத்தில் ஒரு கோடு போடுவேன், முடிகிற இடத்தில் ஒரு கோடு போடுவேன். நடுவில் கத்தரி. சர்ர்க்!

முதல் வெட்டு விழுந்தபோது, நாட்டுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தவன் போல எழுந்து நின்றேன்.

"ரோஸ்வீத்தா, வந்து பாரு! பற்பசைக்காரிய வெட்டிட்டேன்!"

அவள் கதவருகில் நின்று பார்த்தாள்.

"ஒரு மணி நேர நாடகத்துக்கு எவ்வளவு நேரம் வெட்டுவே?"

"ரெண்டு மணி நேரம்."

"விளம்பரம் எவ்வளவு நேரம் வரும்?"

"கால் மணி."

"கால் மணிய மிச்சம் பிடிக்க ரெண்டு மணி. இது வெட்டுற வேலை இல்ல கெர்னோட். வெட்டி வேலை."

பெண்களுக்குத் தொழில்நுட்பம் புரியாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை. எனக்குப் புரிகிற விஷயங்களும் சில உண்டு.

முதல் விபத்து அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நடந்தது. சமையலறையில் உருளைக்கிழங்கு உருண்டைகள் வெந்நீரில் மிதந்துகொண்டிருந்தன. நாங்கள் இருவரும் வெட்டிச் சுத்தம் செய்த நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தடையே இல்லை. கதாநாயகி மூச்சு விடவும் இல்லை, நாங்களும் விடவில்லை. நாடகம் முடிந்து ரோஸ்வீத்தா ஓடிப் போய்ப் பார்த்தபோது சட்டியில் ஒரு உருண்டைகூட இல்லை. கஞ்சிதான் இருந்தது.

"விளம்பரம் வந்தாத்தானே நான் எந்திரிச்சு அடுப்பப் பாப்பேன்? விளம்பரம் வந்தாத்தானே நீ எந்திரிச்சு பீரு எடுப்பே? இப்ப யாரு எந்திரிக்கிறா இந்த வீட்ல? இடைவேளைய எடுத்தே, உன் இடையப் பாரு, எப்படி ஆயிடுச்சு!"

நான் இடையைப் பார்த்தேன். பார்க்க நிறைய இருந்தது. கஞ்சியைக் குடித்தேன்.

உண்மையான சண்டை கெர்ஸ்டினுடைய அறையைப் பற்றியது. எனக்கு அது சினிமா அறை. ரோஸ்வீத்தாவுக்கு அது தையல் அறை. அதுவரை அவளுடைய தையல் மெஷின் எங்கள் படுக்கையறையில், என் தலைமாட்டில் இருந்தது. சனிக்கிழமை காலையில் எனக்கு அலாரம் தேவைப்பட்டதே இல்லை.

"அறை எனக்கு," என்றேன்.

"எனக்கு," என்றாள்.

அன்றைக்குத்தான் என் மூளையில் அந்த மகத்தான யோசனை பிறந்தது. அலமாரியின் அடியில் எங்கள் பழைய வீடியோ கேசட்டுகள் கிடந்தன. அப்போது பெர்லின் சுவர் விழுந்து ஒரு வருஷம் இருக்கும். எங்கள் அடுக்குமாடியில் இந்தப் படிக்கட்டைச் சேர்ந்த குடும்பங்களிலேயே வீடியோ ரெக்கார்டர் வாங்கிய முதல் ஆள் நான்தான். கலங்கரை விளக்கத்துக் காவல்காரனின் காதல் கதை ஒன்றை மேற்கத்தியச் சேனல் கிறிஸ்துமஸுக்குப் போட்டது. மொத்தப் படிக்கட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து, சோபாவிலும் தரையிலும் உட்கார்ந்து பார்த்தது. பெண்கள் அழுதார்கள். ஆண்கள் சிகரெட் பிடிக்கப் போவதாகச் சொல்லி பால்கனியில் போய் அழுதார்கள். அந்தக் கேசட் பத்திரமாக இருந்தது, நடுவில் அத்தனை விளம்பரங்களோடு.

"அந்தப் படத்தக் கம்ப்யூட்டர்ல ஏத்தப் போறேன். விளம்பரம் ஒண்ணு விடாம வெட்டப் போறேன். படிக்கட்டுல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டப் போறேன். பார்த்துட்டு அவங்களே சொல்லட்டும், இந்த அறை சினிமாவுக்கா, தையலுக்கான்னு!"

ரோஸ்வீத்தா ஊசியை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள்.

"சரி. ஓட்டுப் போடட்டும். அன்னிக்கு யாரு காட்டினது பிடிச்சிருக்குன்னு ஓட்டுப் போடட்டும். ஜெயிச்சவங்களுக்கு அறை."

"யாரு காட்டினதா? நீ என்னத்தக் காட்டப் போறே? உருளைக்கிழங்கு சாலடா?"

"அது என் கவலை."

கையைக் கொடுத்தேன். குலுக்கினாள்.

வேலையில் இறங்கினேன். டிராம் பணிமனையிலிருந்து வந்ததும் கோட்டைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால். கேசட் ஒரு பக்கம் ஓட, கம்ப்யூட்டர் மறுபக்கம் அதை வாங்கிக்கொள்ளும். ஓர் அணுகூட மிச்சம் வைக்காமல் வெட்டுவேன். வெட்டிய விளம்பரங்களை உடனே அழித்துவிடவில்லை. நான் ஒழுங்கானவன். 'குப்பை' என்று பெயர் வைத்து ஒரு இடத்தில் போட்டுவைத்தேன்.

ஒரு நாள் ரோஸ்வீத்தா காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தானாக. காபி, கூடவே பிளம் கேக்.

"அழகா வெட்டுறேப்பா."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"வெட்டத்தான் தெரியுமா? ஒட்டவும் தெரியுமா?"

"என்ன கேள்வி கேட்டுட்டே! வெட்டுறவனுக்கு ஒட்டத் தெரியாதா? இங்க பாரு, இத இழு, அதுக்குப் பக்கத்துல விடு. ஒட்டிக்கிச்சா? அடுத்தத இழு. முடிஞ்சதும் இந்தப் பட்டன அமுக்கினா டிவிடி வட்டுல பதிஞ்சிடும்."

"ஓகோ. இதையா? இந்தப் பட்டனா?"

"அதேதான். ரொம்பக் கஷ்டம், உனக்கு வராது."

"எனக்கு எங்க வரப் போகுது," என்றாள். "சரி, உனக்கு வேலை அதிகம். நான் வேணா அந்தக் குப்பையக் கொட்டிடட்டுமா?"

கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் குப்பை கொட்டுவது நான். மழையிலும் நான், பனியிலும் நான், காய்ச்சலிலும் நான். என் மனைவி தானாக முன்வந்து குப்பையைக் கொட்டுகிறேன் என்று சொன்னால், வேறு எவனுக்கும் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு ஆனந்தம்தான் வந்தது.

சனிக்கிழமை பிற்பகல், காபி நேரத்துக்கு எல்லோரும் வந்தார்கள். மேல்மாடியிலிருந்து ஹார்ட்மூட்டும் அவர் மனைவி சீக்லிண்டும். ஹார்ட்மூட் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். சுவர் இருந்த காலத்தில், மேற்கு ஜெர்மன் டிவி பார்ப்பதே தப்பு என்றிருந்தபோது, வகுப்பில் பிள்ளைகளிடம், "உங்க வீட்ல மேற்கத்திய டிவி பாக்கிறீங்களா?" என்று கேட்டு முறைத்தவர். எங்களுக்குக் கீழ்மாடியிலிருந்து பெட்ஸோல்ட் அம்மா வந்தார். கணவர் எர்வின் காலமான பிறகு அவர் படியேறி வருவதே அபூர்வம். நல்ல நாற்காலியை அவருக்குப் போட்டேன்.

படம் தொடங்கியது. ஒரு விளம்பரம் இல்லை. கடல், கலங்கரை விளக்கம், காவல்காரன், மறுபடியும் கடல்.

கொஞ்ச நேரம் கழித்து பெட்ஸோல்ட் அம்மா நெளிந்தார்.

"நடுவுல நிறுத்த மாட்டீங்களா கெர்னோட்?"

"நிறுத்தவே மாட்டேன்மா! அதான் இதுல விசேஷம்!"

அவர் காலைக் குறுக்கிக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஹார்ட்மூட்டின் குறட்டை கடல் அலையோடு சேர்ந்துகொண்டது. சீக்லிண்ட் என் பக்கம் குனிந்தாள்.

"ஏம்ப்பா, அன்னிக்கு இந்தப் படம் இவ்வளவு மெதுவாவா போச்சு?"

"இதே படம்தான்."

"அன்னிக்கு அழுதேனே?"

"இன்னும் கொஞ்ச நேரத்துல அழுவே."

அழவில்லை. கொட்டாவி விட்டதில் கண்ணில் தண்ணீர் வந்தது, அதை நான் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். படம் முடிந்தது. மரியாதைக்குக் கை தட்டினார்கள். தூக்கத்திலேயே ஹார்ட்மூட் தட்டிய சத்தத்தில் ஹார்ட்மூட்டே விழித்துக்கொண்டார். பெட்ஸோல்ட் அம்மா கழிப்பறைக்கு ஓடினார். அந்த வயதில் அந்த வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும் ரோஸ்வீத்தா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, அதன் பையிலிருந்து ஒரு வட்டை எடுத்தாள். போட்டாள்.

திரையில் ஒரு பெண் காபிக் கோப்பையை முகர்ந்து கண்ணை மூடினாள். "ஒரு கரண்டி போட்டாலே ஊரெல்லாம் மணக்கும்..."

 மெல்லிய, கரகரத்த ஒரு குரல் அடுத்த வரியைப் பாடியது. பெட்ஸோல்ட் அம்மா.

"எர்வின் இதத்தான் பாடுவாரு. மேற்கத்திய காபி முதல் பொட்டலம் வாங்கிட்டு வந்த அன்னிக்கு ஆரம்பிச்சாரு. தினமும் காலையில, படிக்கட்டுல இறங்கும்போது. ஞாபகம் இருக்கா?"

யாருக்கு இல்லை? எர்வின் குரலில் எங்கள் கதவு அதிரும். "எர்வின், தூங்க விடுய்யா!" என்று நான் எத்தனை காலை கத்தியிருக்கிறேன்!

"இன்னொரு தடவ போடும்மா," என்றார் பெட்ஸோல்ட் அம்மா. ரோஸ்வீத்தா போட்டாள்.

அடுத்து சலவைத் தூள். அடுத்து வேர்க்கடலைச் சாக்லேட். சுவருக்கு இந்தப் பக்கம் வளர்ந்த எங்களுக்கு அந்தப் பாட்டுகளெல்லாம் குழந்தைப் பருவத்திலிருந்தே மனப்பாடம். கடையில் இல்லாத சோப்புக்குப் பாட்டுப் பாடினோம். வாயில் வைத்தே பார்க்காத சாக்லேட்டுக்குச் சப்புக் கொட்டினோம். சுவர் விழுந்த பிறகுதான் அது எங்கள் நாக்குக்கு வந்தது. திடீரென்று கனத்த ஆண்குரல் ஒன்று சலவைத் தூள் பாட்டை எடுத்தது. பல்லவி, சரணம், கடைசியில் வரும் விசில் உட்பட. திரும்பிப் பார்த்தேன். கணக்கு வாத்தியார்!

"ஹார்ட்மூட், உங்க வீட்லதான் மேற்கத்திய டிவியே கிடையாதே?"

"கிடையாது!" என்றார் ஹார்ட்மூட், சிவந்து போய்.

"கதவச் சாத்திட்டுப் பாப்போம்," என்றாள் சீக்லிண்ட். "பிள்ளைங்கள முறைச்சிட்டு வந்து, இவரு முதல்ல கேக்கிறதே, 'சலவைத் தூள் வந்துருச்சா?'ன்னுதான்."

சிரித்துச் சிரித்து சீக்லிண்டுக்கு நிஜமாகவே கண்ணீர் வந்தது. நான் காத்திருந்த கண்ணீர்.

அப்போது புட்டிங் விளம்பரம் வந்தது. கரண்டியோடு ஒரு கரடிப் பொம்மை ஆடும். அந்தக் கிறிஸ்துமஸில் கெர்ஸ்டினுக்கு நாலு வயது. கரடியைக் கண்டதும் அவளும் மரக் கரண்டியை எடுத்துக்கொண்டு திரைக்கு முன்னால் போய் நின்று ஆடினாள். அவளுடைய தலை கரடியை மறைத்தது. "தள்ளு பாப்பா, மறைக்குது!" என்று நான் கத்தினேன். அவள் தள்ளவில்லை. மொத்தப் படிக்கட்டும் கை தட்டியது. இதே கரடியைப் போன வாரம் நான் வெட்டினேன். தொடக்கத்தில் ஒரு கோடு, முடிவில் ஒரு கோடு. கரடி ஆடியதைக்கூட நான் பார்க்கவில்லை.

இப்போது திரைக்கு முன்னால் யாரும் இல்லை. கரடி முழுசாகத் தெரிந்தது. அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

ரோஸ்வீத்தா திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ போடவா?"

"போடு," என்றேன்.  "சத்தத்தக் கொஞ்சம் கூட்டு."

வட்டு முடிந்ததும் அவள் நடுவில் வந்து நின்றாள்.

"கெர்னோட் வெட்டினதுக்கு யாரு ஓட்டு? நான் ஒட்டினதுக்கு யாரு ஓட்டு?"

எல்லாக் கையும் ஒரே பக்கம் எழுந்தது. கீழே ஒரு கைகூட இல்லையே, என் கை எங்கே என்று தேடினேன். அதுவும் மேலேதான் இருந்தது. என்னைக் கேட்காமலே போயிருந்தது.

போகும்போது ஹார்ட்மூட் என் தோளைத் தட்டினார்.

"ஆனா ஒண்ணு சொல்லணும்ப்பா. வெட்டு ரொம்பச் சுத்தம். அந்த விளம்பரத்துல ஒரு இடத்துலகூட படம் கலக்கல."

அடுத்த வாரமே தையல் மெஷின் கெர்ஸ்டினுடைய அறைக்குப் போனது. தூக்கியது நான். கம்ப்யூட்டர் நிலவறைக்குப் போனது, உருளைக்கிழங்கு மூட்டைக்கும் பழைய சைக்கிளுக்கும் நடுவில். அதையும் தூக்கியது நான். குளிரில் சால்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, இனி விளம்பரத்தைப் பற்றி நினைப்பதே இல்லை என்று இன்னொரு தீர்மானம் எடுத்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டப்பட்டது. பெட்ஸோல்ட் அம்மா, கை நிறையக் கேசட்டுகளோடு.

"எர்வின் பதிவு பண்ணது கெர்னோட். இதுல நடுநடுவுல படம் வந்து தொந்தரவு பண்ணுது. அத மட்டும் வெட்டிக் குடுங்க."