கழுத்து வரைக்கும் வந்த சரஸ்வதி

பல்லி, கரப்பான், டாக்டர் ஊசி எதற்கும் நான் பயந்தவளில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் ஒரு படம் மேலிருந்து கீழே மெதுவாகத் திறந்தால் இன்றைக்கும் நான் கண்ணை மூடிக்கொள்வேன். காரணம், தொண்ணூறுகளின் கடைசியில் வந்த ஒரு விஜயதசமி.

அப்போது எனக்கு இருபது வயது. மயிலாப்பூரில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அப்பா பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். காலையும் மாலையும் கூடத்தில் டியூஷன். வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நான் கம்ப்யூட்டர் கோர்ஸில் சேருவேன் என்று அடம்பிடித்தேன். அப்பா பி.எட். தான் என்றார். "உனக்கு நெஜமாவே அதுல ஏதாவது தெரியும்னா செஞ்சு காட்டு, பாக்கலாம்" என்று ஒரு வழியும் விட்டார். அதற்காக அவருடைய டியூஷனுக்கு ஓர் இணையப் பக்கம் செய்தேன். (பக்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அப்பா பெயர், ஒரு முக்கோணம், கண்ணைச் சிமிட்டும் 'வெல்கம்'.) அப்பா பூரித்துப் போனார். விஜயதசமியன்று காலை ஏழரைக்கு எல்லோர் முன்னாலும் அதைத் திறக்கப்போவதாகப் பெற்றோர்கள் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டார்.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் விதி விளையாடியது என்று எழுத ஆசைதான். விளையாடியது நான். மவுஸ் அம்பின் வாலில் நட்சத்திரம் சிந்தவைக்கட்டுமா என்று திரையில் ஒரு பெட்டி வந்து கேட்டது. கேட்ட மரியாதைக்காக 'யெஸ்' அழுத்தினேன். நட்சத்திரம் சிந்தியது. கூடவே, எந்த முகவரியைத் தட்டினாலும் இரண்டே விநாடியில் அது வழுக்கிக்கொண்டு ஒரு சீட்டாட்டப் பக்கத்தில் போய் நின்றது. அங்கே ஒரு பெண். அவள் உடுத்தியிருந்ததைக் கைக்குட்டை என்று சொன்னால் கைக்குட்டை கோபித்துக்கொள்ளும். ஜன்னலை மூடினால் இரண்டு ஜன்னல் திறந்தது. அப்பாவின் பக்கத்தைத் தட்டிப் பார்த்தேன். அங்கேயும் அவளே வந்தாள். சுவரிலிருந்த சுவிட்சை அணைத்துவிட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்ப் படுத்தேன்.

காலையில் என்ன நாள் என்பதை மறந்திருந்தேன். எழுந்து வந்தால் மானிட்டரின் நெற்றியில் சந்தனம், குங்குமம். கீபோர்டின் மேல் பட்டுத்துணி. அதன் மேல் என் புத்தகங்களும் அப்பாவின் லாகரிதம் அட்டவணையும். பூஜையில் வைத்ததை மறுநாள் புனர்பூஜை முடியும்வரை தொடக் கூடாது.

"அம்மா, ஒரே ஒரு நிமிஷம். அதுல சின்னதா ஒரு கோளாறு."

"கைய எடுடி! அம்பாள் பக்கத்துல ஒரு நாள் இருந்தா எல்லாக் கோளாறும் தானா சரியாயிடும்."

மத்தியானம் நஸீமாவுக்குப் போன் போட்டேன். கல்லூரித் தோழி, பாண்டி பஜாரில் அவள் அண்ணன் நடத்தும் பிரவுசிங் சென்டரில் ஒத்தாசைக்கு உட்காருவாள். பக்கத்து நாற்காலியில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்ததால் கிசுகிசுத்தேன்.

"லூசு, கண்டதுக்கும் யெஸ் குடுப்பியா? கன்ட்ரோல் பேனல் போ. நீ போடாத புரோகிராம் எதுனா இருக்கும், அதைத் தூக்கு. ஹோம் பேஜை மாத்து. ரீஸ்டார்ட் பண்ணு. பத்து நிமிஷ வேலை."

"அதைத் தொடக் கூடாதுடி. இன்னிக்கு சரஸ்வதி பூஜை."

"அப்ப நீயும் நல்லா கும்பிட்டுக்கோ" என்று போனை வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். சாயங்கால பூஜைக்கு அம்மா என்னைச் சந்தனம் அரைக்கச் சொன்னாள். அரைத்து முடித்தபோது கன்ட்ரோல் பேனல் கரைந்து சந்தனத்தோடு சாமிக்குப் போய்விட்டது.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என்னவென்று சொல்வது? அந்தப் பெண்ணை எந்த வார்த்தையால் வர்ணிப்பது? அப்பா முன்னால் 'ஜாக்கெட்' என்ற சொல்லைக்கூட நான் உச்சரித்ததில்லை. பயத்தில் அன்று எனக்குச் சுண்டல்கூட இறங்கவில்லை.

விஜயதசமி. ஏழு மணிக்கே கூடம் நிரம்பிவிட்டது. இருபது பேருக்குக் குறையாது. முன் வரிசையில் எட்டாம் வகுப்பு மகளோடு ஆட்டோ ஓட்டும் ஏழுமலை, வெள்ளை வேட்டியில். பூஜை முடிந்ததும் நான் பாய்ந்து போய் நாற்காலியைப் பிடித்தேன். அப்பா என்னை நகர்த்தினார். "இன்னிக்கு மொதல்ல நான்தான். நீ டயல் மட்டும் பண்ணிக் குடு."

மற்ற நாளில் பத்து முறை டயல் செய்தாலும் லைன் கிடைக்காது. அன்று முதல் முறையே கிடைத்தது. மோடம் கீச்சிட்டது. அப்பா ஒற்றை விரலால் முகவரியைத் தட்டினார். இத்தனை வருஷம் அப்பா சேர்த்த பெயர், பெண் பிள்ளைகளை நம்பி அனுப்பும் இந்த மனிதர்கள், எல்லாம் இன்னும் ஒரு நிமிஷத்தில் போய்விடும், போக்கியவள் நான்.

முக்கோணம் தெரிந்தது. மறைந்தது. திரை வெளுத்தது. பிறகு உச்சியிலிருந்து படம் கோடு கோடாக இறங்கத் தொடங்கியது. முதலில் கருகருவென்று கூந்தல். அப்புறம் நெற்றி. அப்புறம் மை தீட்டிய இரண்டு கண். காதோரம் தூக்கிப் பிடித்த ஒரு கை, அதில் விசிறிபோல விரிந்த சீட்டுகள்.

"இன்னா சார், சாமி படமா வருது!" என்றார் ஏழுமலை. "கைல சொவடி கூட கீது பாரு!"

"சரஸ்வதி!" என்று அம்மா கை கூப்பினாள். கூடம் முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. படம் இறங்கிக்கொண்டே இருந்தது. மூக்கு. உதடு. மோவாய். கழுத்து தொடங்கியது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். மேஜைக்கு அடியில் விழுந்து டெலிபோன் ஒயரைப் பிடுங்கினேன்.

படம் கழுத்தோடு நின்றது. நான் தலையில் இடித்துக்கொண்டு வெளியே வந்தபோது அம்மா கற்பூரம் ஏற்றி மானிட்டருக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். ஏழுமலை தட்டில் பூ வைத்தார்.

எல்லோரும் சுண்டலோடு போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். அம்மா சமையலறையில் இருந்தாள்.

"சுவடியில இஸ்பேட் ராணி எதுக்குடி?"

என் கண்ணில் நீர் முட்டியது. "நான் வைக்கலப்பா. அது தானா வந்து ஒட்டிண்டுடுத்து."

"தானா வந்தத எடுக்கத் தெரியுமோ?"

"தெரியாது."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். நான் பி.எட். விண்ணப்பத்துக்குத் தயாரானேன்.

"அப்போ போய்க் கத்துண்டு வா. எந்த கிளாஸ்னு சொன்னியோ அதுல சேரு" என்றார்.

இருபது வருஷத்துக்கும் மேலாக அதுதான் என் பிழைப்பு: மற்றவர்கள் 'யெஸ்' அழுத்தியதையெல்லாம் பிடுங்கிப் போடுவது. அம்மா இன்றைக்கும் அந்தக் கதையை அம்பாள் எங்கள் கம்ப்யூட்டரில் தரிசனம் கொடுத்த அதிசயமாகத்தான் சொல்கிறாள். அப்பா ஒரு தடவைகூடத் திருத்தியதில்லை. ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் புத்தக அடுக்கின் மேல் ஓர் இஸ்பேட் ராணியை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார், அவ்வளவுதான். அம்மா ஒன்றும் கேட்காமல் அதற்கும் ஒரு பொட்டு வைப்பாள்.