சம்பந்தி வீட்டுத் தொட்டிக்கு ஏரி வண்டல்

வயலில் மண்ணைப் புரட்டுகிறவன் ஹாலில் வளர்கிற செடியைத் தொடக்கூடாது. தொட்டவன் நான்.

மகளைக் கட்டிக் கொடுத்த புதிது. சம்பந்தியம்மா தருமபுரி டவுனில் இருக்கிறவர். பெரிய மகனோடு ஒரு மாசம் இருந்துவர பெங்களூர் கிளம்பினார். போவதற்கு முன்னால் ஹாலில் வளர்த்த செடிகளை எல்லாம் காரில் ஏற்றி, என் மகளையும் கூட்டிக்கொண்டு, பொம்மிடிப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"மருமக கையில குடுத்தா காய வுட்டுரும். நீங்க விவசாயி. உங்களை நம்பித்தான் வுட்டுட்டுப் போறேங்கண்ணா."

மகள் பக்கத்தில்தான் நின்றாள். செடி செத்தால் பேச்சு எனக்கு வராது, அவளுக்குத்தான் போகும்.

கார் போனதும் ஒரு தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன். கனமே இல்லை. விரலை விட்டுக் கிளறினேன். தேங்காய் நார்த்தூள், கரித்துண்டு, தெர்மோகோல் மாதிரி வெள்ளையாக என்னவோ. மண் ஒரு பிடி இல்லை.

"நர்சரிக்காரன் நல்லா ஏமாத்திட்டான்" என்றேன்.

"அதுலதான நல்லா இருக்குது. சும்மா வுடுங்க" என்றாள் என் பெண்டாட்டி. (அவள் பேச்சைக் கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை. இருந்திருந்தால் இதை எழுத வேண்டி இருக்காது.)

வயலோரம் ஏரி வண்டல் கொட்டி வைத்திருந்தேன். அது போட்டால் பயிர் கருகருவென்று வரும். பட்டியில் இருந்து ஆட்டு எரு அள்ளிக் கலந்தேன். தொட்டிகளைக் கவிழ்த்து நார்த்தூளைக் குப்பையில் கொட்டினேன். வண்டலை நிரப்பிக் குத்திக் குத்தி அமுக்கினேன். ஒரு செடிக்குப் பெரிய இலை, இலை பூரா ஓட்டை. புழு என்று வேப்பெண்ணெய் அடித்தேன். (அதுக்குப் பிறவியே அப்படித்தானாம்.)

காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். மேலேயே நின்றது. விட்டால் சேறு, விடாவிட்டால் வெடிப்பு. வயலில் தண்ணீர் இறங்கிப் போக இடம் இருக்கிறது. தொட்டிக்குள் எங்கே போகும்? அப்போது தோன்றவில்லை.

பாம்புச் செடி அடி அழுகிச் சாய்ந்தது. மணி பிளான்ட் மஞ்சளாகிப் போனது. பச்சைப் பசேலென்று நின்றது ஒன்றே ஒன்றுதான். ஆட்டு எருவோடு வந்து முளைத்த கேழ்வரகு.

மகள் வீடியோ காலில் பார்த்தாள்.

"என்னப்பா நட்டிருக்கீங்க?"

"நான் நடல."

"அத்தை ஞாயித்துக்கிழமை வர்றாங்கப்பா."

போனை வைத்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்து நின்றது. மகளும் கூட வந்திருந்தாள். சம்பந்தியம்மா செருப்பைக் கழற்றும் முன்னாலே சொல்லிவிட்டேன்.

"மண்ணை நான்தாங்க மாத்தினேன். புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் தொட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"இது கேழ்வரகுங்களா அண்ணா?"

"ஆமாங்க."

"எப்பக் கதிர் வரும்?"

"இன்னும் ஒரு மாசம் ஆவுங்க" என்றாள் என் பெண்டாட்டி. (இவளை யார் கேட்டது?)

சம்பந்தியம்மா முந்தானையைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

"நார்த்தூளு எங்கண்ணா?"

"குப்பையிலங்க."

"போய் அள்ளிட்டு வாங்க."

கோழி சீய்த்துப் போட்டது போக மிஞ்சியதை அள்ளி, சல்லடையில் சலித்துக் கொடுத்தேன். தெரு வேடிக்கை பார்த்தது. அவர் வேரைக் கழுவி, அழுகினதை அறுத்து, நார்த்தூளும் கரியும் கலந்து நட்டார். அமுக்கவே இல்லை. ரெண்டு செடி தேறியது. மருமகளை அவர் ஒரு சொல் சொல்லவில்லை. எல்லாம் எனக்கே வைத்திருந்தார்.

இப்போது பேரன் இருக்கிறான். அவனை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் சம்பந்தியம்மா கார் கண்ணாடியை இறக்குகிறார்.

"பையனைப் பாத்துக்குங்கண்ணா. நேரத்துக்குச் சோறு ஊட்டுங்க. மண்ணு மட்டும் மாத்திராதீங்க."

மகள் சிரிக்கிறாள். மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொள்கிறார். என் பெண்டாட்டி கார் தெரு முனை திரும்பின பிறகும் சிரிக்கிறாள்.