கொதிக்கக் கொதிக்க ஒரு டீ

கப்பலில் ஏறிய அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இறங்குவதற்குள் கொதிக்கக் கொதிக்க ஒரு டீ குடித்தே தீருவேன். இல்லையென்றால் நான் மணவாளன் இல்லை.

"மணவாளன் இல்லன்னா வேற யாரு?" என்றாள் என் மனைவி யோகலட்சுமி.

மனசுக்குள் சபதம் எடுப்பதாக நினைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லித் தொலைத்திருக்கிறேன். எனக்கு இந்த வியாதி ரொம்ப நாளாக உண்டு.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியவேண்டியது ரெண்டே சங்கதி. ஒன்று டீ, இன்னொன்று தலைமுடி.

டீ என்றால் எனக்கு எங்கள் திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கம் துளசிங்கம் போடுகிற டீ. கிளாஸை நேராகப் பிடிக்க முடியாது. விளிம்பை ரெண்டு விரலால் கிள்ளிப் பிடித்து, ஊதி ஊதி, கை மாற்றி மாற்றிக் குடிக்கவேண்டும். முதல் வாயில் நாக்கு சுடவேண்டும். சுடாவிட்டால் அதற்குப் பேர் டீ இல்லை, கஷாயம்.

அடுத்தது முடி. எனக்கு வயசு ஐம்பத்தைந்து. தலையில் சீப்பு போனால் திரும்பி வர வழி தெரியாமல் நிற்கும், அவ்வளவு அடர்த்தி. மலையடிவாரத்தில் சாமி படத்துக்கு பிரேம் போடுகிற கடை வைத்திருக்கிறேன். முருகர் படத்துக்குக் கண்ணாடி போட்டதும் அழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் அதில் என் தலையைப் பார்த்துக்கொள்வேன். கண்ணாடியில் அழுக்கு இருந்ததோ இல்லையோ, எனக்கு ஞாபகம் இருந்ததில்லை.

இந்த முடி மேல்தான் யோகா கை வைத்தாள். எங்கள் பெண் சுசித்ராவுக்கு மெட்ராசில் வேலை கிடைக்கவேண்டும் என்று மலையில் வேண்டிக்கொண்டாள். வேலையும் கிடைத்தது. வீட்டுக்கு வந்து ஸ்வீட்டை என் வாயில் திணித்துவிட்டுத்தான் சொன்னாள்.

"உங்களுக்கு மொட்டை போடறதா வேண்டிக்கினேங்க."

எனக்கு ஸ்வீட் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"எந்த ஊரு நியாயம் இது? வேண்டினது நீ, முடி என்னுதா?"

"பொண்ணு உங்களுதும்தானே?"

"உன் முடியைக் குடேன்!"

"என்னுது எலி வாலாட்டம் கெடக்குது. சாமிக்கு நல்லதாப் பாத்துக் குடுக்க வேணாமா? நம்ம வூட்ல உங்க முடிதானே அழகு?"

பாருங்கள், இந்த இடத்தில் நான் மயங்கிவிட்டேன். கொஞ்சம் விட்டிருந்தால் நேராக மலைக்கே போயிருப்பேன். நல்லவேளையாக வாசல் கண்ணாடியில் என் முடி தெரிந்தது. சட்டென்று சுதாரித்துக்கொண்டு ஒரு பாயிண்டைப் போட்டேன்.

"தா பாரு யோகா, வேண்டுதல்னா அவங்கவங்க வாயால வேண்டிக்கினாதான் செல்லும். நான் வாயைத் தொறந்து வேண்டல. அதனால செல்லாது."

"உங்க வாயால வேண்டிக்கினா செய்வீங்களா?"

"கண்டிப்பா. ஆனா வேண்ட மாட்டேன்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. யோகா பேசாமல் இருந்தால் தோற்றுவிட்டாள் என்று நினைப்பது, கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் செய்துவருகிற தப்பு. அதையே மறுபடியும் செய்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் சுசித்ரா எங்கள் கல்யாண நாளுக்கு மூணு நாள் கப்பல் டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். மெட்ராஸ் துறைமுகத்தில் ஏறி, கடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அங்கேயே வந்து இறங்கவேண்டும். எங்கேயும் போகாமல் திரும்பி வருவதற்கு இவ்வளவு பெரிய கப்பலா என்று கேட்டேன். அப்பா, நீ பேசாம போ என்றாள்.

நான் விவரமான ஆள். கப்பலில் டீ எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே யோசித்து, பெட்டிக்குள் கரண்டு கெட்டிலை வேட்டியில் சுற்றி ஒளித்துவைத்தேன். யோகா என்ன செய்தாள் தெரியுமா? காலியாக ஒரு பிளாஸ்க்கை எடுத்து வைத்தாள்.

"காலி பிளாஸ்க் இன்னாத்துக்குடி?"

"கெடக்கட்டுங்க. அது இன்னா சோறா கேக்குது?"

துறைமுகத்தில் பெட்டியைச் சோதனை போட்டவர் கெட்டிலை எடுத்துத் தனியாக வைத்தார். தீப்பிடிக்கிற சாமான் கப்பலில் கூடாதாம். பிளாஸ்க்கைத் திறந்து பார்த்தார், மூடினார், மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். நான் கெட்டிலுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு அனாதைபோல் ஏறினேன்.

கப்பலைக் குறை சொல்லக்கூடாது. நீச்சல் குளம், பாட்டுக் கச்சேரி, நாள் முழுக்கச் சாப்பாடு எல்லாம் இருந்தது. டீ மட்டும்தான் இல்லை. டீ என்ற பேரில் ஒரு மிஷினில் வெந்நீர் வந்தது. அதைக் காகிதக் கப்பில் பிடித்து, நூல் கட்டின சின்னப் பொட்டலத்தை அதில் தொங்கவிட்டு, கட்டைவிரல் அளவு டப்பாவிலிருந்து சில்லென்று பாலை ஊற்றிக்கொள்ளவேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டலாம், அந்தச் சூடு.

மேஜை பக்கம் வந்த பையனிடம் என் இங்கிலீஷை எடுத்துவிட்டேன். "டீ. ஹாட். வெரி வெரி ஹாட்."

"எஸ் சார்" என்று சிரித்துக்கொண்டே கப்பை எடுத்துப் போனான். கொஞ்ச நேரம் கழித்து அதே கப்பைக் கொண்டுவந்து வைத்தான். நூல்கூட அதே பக்கம்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது அதில் ஒரு மூடி மட்டும் போட்டிருந்தார்கள்.

"இட்லி நல்லாக்குதுங்க" என்றாள் யோகா.

"நான் டீயைப் பத்திப் பேசிகினு இருக்கேன்!"

"ஆங், கேட்டுகினுதான் இருக்கேன். வடையும் நல்லாக்குது."

அன்று மத்தியானம் எனக்கு ஒரு யோசனை உதித்தது. ரூம் குளியலறையில் தலை காயவைக்கிற மிஷின் ஒன்று மாட்டியிருந்தது. ஈர முடியையே காயவைக்கும் என்றால் ஒரு கப் டீயைச் சுடவைக்காதா? யோகா வெளியே நடக்கப் போயிருந்தாள். கப்பை இடது கையில் பிடித்து, மிஷினை வலது கையில் பிடித்து, நேராக டீயின் முகத்தில் காட்டி ஸ்விட்சைப் போட்டேன்.

டீ கப்பில் இல்லை. சுவரில் இருந்தது. வெள்ளைத் துண்டில் இருந்தது. என் சட்டையில், மூக்கில், காதில் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

"இன்னாங்க, டீக்குத் தலை காயவெக்கிறீங்களா?"

"சூடு பண்றேன்."

"ஆச்சா?"

"சுவரு சூடாயிடுச்சி."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து ரூம்காரர் எட்டிப் பார்த்தார். அவள் கிட்டே வந்து என் மூக்கைத் துடைத்துவிட்டபோது ஒரு வாசனை வந்தது.

"இஞ்சி வாசனை வருதே?"

"இஞ்சி மரப்பாங்க. கப்பல் ஆடுதில்ல, தலைசுத்தலுக்கு."

"பிளாஸ்க்கை ஏன் தூக்கிகினு திரியற?"

"வெந்நீர். தொண்டைக்கு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், டீக்கு வழியில்லாமல் வெந்நீரைக் குடித்துக்கொண்டு, அதையும் முகம் சுளிக்காமல் பொறுத்துக்கொள்கிறாளே! இவளுக்காகவாவது ஒரு நல்ல டீ கண்டுபிடிக்கவேண்டும் என்று எனக்கு வைராக்கியம் கூடியது.

மறுநாள் சாயங்காலம் ரெண்டு பேரும் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். குளிர்ந்த காற்று, லேசாகத் தூறல். டீக்கென்றே கடவுள் படைத்த நேரம். என் கையில் ஆறின கப். எனக்கு அழுகையே வந்தது.

"அவ்ளோ ஆசையா இருந்தா முருகரைக் கேளுங்களேன்" என்றாள் யோகா.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது எப்போதாவதுதான் செய்யும், செய்தால் பயங்கரமாகச் செய்யும். இந்தக் கப்பலில் சூடான டீ கிடையாது. இது என்னைவிட யாருக்குத் தெரியும்? கிடைக்காத டீக்கு ஒரு வேண்டுதல் வைத்தால் என்ன? டீயும் வராது, முடியும் போகாது. பழைய தகராறும் ஒரேயடியாக ஒழியும்.

"யோகா! நான் இப்ப என் வாயால வேண்டிக்கறேன். இந்தக் கப்பலை வுட்டு எறங்கறதுக்குள்ள எனக்கு சூடா ஒரு டீ கெடைச்சா மொட்டை போடறேன். கெடைக்கலன்னா முருகருக்கு என் முடி வேணாம்னு அர்த்தம். உன் பழைய வேண்டுதலும் கேன்சல். சம்மதமா?"

அவள் கடலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள். ஐயோ பாவம் என்று இருந்தது எனக்கு.

"டீ எப்பிடி வரணும்?"

"நான் யாரையும் கேக்க மாட்டேன். தானா வரணும். நூல் தொங்கக் கூடாது. காகிதக் கப் கூடாது. நாக்கு சுடணும்!"

"இஞ்சி?"

"தட்டிப் போட்டிருக்கணும்!"

"ஏலக்கா?"

"அதுவும்!"

"சக்கரை?"

"கொஞ்சம் தூக்கலா!"

"அப்பால பேச்சு மாற மாட்டீங்களே?"

"மணவாளன் பேச்சு மாறுவானா?"

"சரி. திருத்தணி பக்கம் திரும்பி, சத்தமா சொல்லுங்க."

"திருத்தணி எந்தப் பக்கம்?"

"சூரியன் மறையற பக்கந்தாங்க. நேரா போனா நம்ம மலைதான்."

நான் மேற்கே திரும்பி, கையைத் தலைக்கு மேல் கூப்பி, நீச்சல் குளத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி வேண்டிக்கொண்டேன். அன்றைக்குத் தூங்கினேன் பாருங்கள், அப்படியொரு தூக்கம்.

காலையில் எழுந்து மேலே வந்தால் தூரத்தில் துறைமுகம் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடலாம். தலையை ஒருமுறை ஆசையாகத் தடவிக்கொடுத்தேன். "இன்னா யோகா, முருகர் டீயை அனுப்பக் காணோமே?" என்று ராகம் போட்டு இழுத்தேன்.

"அவசரப்படாதீங்க" என்றாள்.

முதலில் வாசனை வந்தது. இஞ்சி, பின்னாலேயே ஏலக்காய். திரும்பினால், வெள்ளைத் தொப்பி போட்ட ஒருத்தர் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தே வருகிறார். தட்டில் எவர்சில்வர் டம்ளர். டம்ளருக்கு மேல் ஆவி சுருள் சுருளாக எழும்பியது. காகிதமும் இல்லை, நூலும் இல்லை.

ஓடிப்போயிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கிடைத்தது வேறு, குடித்தது வேறு என்று வாதாடியிருக்கலாம். எல்லாம் புத்திக்குத் தெரிந்தது. கை கேட்கவில்லை. விளிம்பைக் கிள்ளிப் பிடித்தேன். ஊதினேன். ஒரு வாய் உறிஞ்சினேன்.

நாக்கு சுட்டது. ஆகா! நான் சொல்கிறேன், ஐம்பத்தைந்து வயசில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணி வந்தது. கடல் அழகாகத் தெரிந்தது. கப்பல் அழகாகத் தெரிந்தது. நீச்சல் குளத்தில் தொப்பையோடு மிதந்துகொண்டிருந்தவர்கூட அழகாகத் தெரிந்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.

"பாவா, சூடு போதுமா?" என்றார் தொப்பிக்காரர்.

"பாவாவா?"

"அக்கா வூட்டுக்காரரு பாவாதானே?" என்றவர் யோகா பக்கம் திரும்பினார். "அக்கா, டெய்லி உன் பிளாஸ்க்குக்குப் போட்டுத் தர்ற டீதான். சக்கரை மட்டும் நீ சொன்ன மாதிரி தூக்கலா."

டெய்லி! நான் யோகாவைப் பார்த்தேன். யோகா துறைமுகத்தைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். முதல் நாளே சமையற்கட்டு வாசலில் இந்தத் தொப்பிக்காரர் ஸ்ரீதர் யாரையோ தெலுங்கில் திட்டிக்கொண்டிருந்தது யோகா காதில் விழுந்திருக்கிறது. "எந்த ஊரு நைனா?" என்று அவளும் தெலுங்கில் கேட்டிருக்கிறாள். நகரி. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறி உட்காருவதற்குள் வந்துவிடுகிற ஆந்திரா ஊர். யோகாவின் அம்மா வீடு புத்தூர், அதற்கு அடுத்தாற்போல. அப்புறம் என்ன? சமையல்காரர்கள் தங்களுக்கென்று அடுப்பில் கொதிக்கவைக்கிற டீ, வேளாவேளைக்கு அக்கா பிளாஸ்க்கை நிரப்பியிருக்கிறது. கப்பலில் ஏறி இறங்குவதற்குள் எனக்கு ஒரு மச்சானே முளைத்துவிட்டான்.

"மோசடி!" என்று கத்தினேன். "இது நீ ஏற்பாடு பண்ண டீ. முருகர் குடுக்கல!"

"முருகர் அவரே அடுப்பைப் பத்தவெச்சி, தட்டைத் தூக்கிகினு வருவாரா? நகரிக்காரனை இந்தக் கப்பல்ல வேலைக்கு வெச்சது யாருங்க?"

"அப்ப மூணு நாளா நீ மட்டும் குடிச்சிகினு..."

"உங்களுக்கும் மொத நாளே குடுத்திருப்பேன். ஆனா உங்க வாயால ஒரு வார்த்தை வரணுமே! அது வர்ற வரைக்கும் டீயைக் குடுக்காம வெச்சிகினு இருந்தேன்."

அடுத்த கிருத்திகைக்கு மலையில் முடி காணிக்கை மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். சுசித்ரா மெட்ராசிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்து செல்போனோடு எதிரில் நின்றாள். சவரம் செய்கிற சுந்தரமூர்த்தி தலையில் தண்ணி தெளித்துத் தேய்த்தார்.

"மீசையை மட்டும் வுட்டுடுப்பா" என்றேன்.

"சரிண்ணா" என்றார். கத்தி நடுமண்டையில் இறங்கியது. என் அருமை முடியெல்லாம் மடியில் வந்து விழுந்தது. எழுந்தபோது காற்று நேராக மூளையைத் தொட்டது. யோகா சந்தனத்தை அள்ளி உச்சியிலிருந்து பிடரி வரைக்கும் தடவினாள். தடவிவிட்டு ஒரு அடி தள்ளி நின்று பார்த்தாள். அவள் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. அதைப் பார்த்ததும் எனக்கும் மனசு லேசாகிவிட்டது. முடி முளைக்கும், போகட்டும் என்று இருந்தது.

"அழகாத்தாங்க இருக்கீங்க" என்று பிளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் டீ ஊற்றிக் கொடுத்தாள்.

ஒரு வாய் குடித்தேன்.

"இன்னா யோகா, ஆறிப்போயிருக்குது?"

"அதுக்கின்னாங்க? வேண்டிக்குங்க. மீசை இருக்குதில்ல!"